தெரிந்த பதிலும் வாய்க்கு வராதது ஏன்?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை திருவண்ணாமலைப் பக்கம் தமிழ்வழியில் படித்தேன். இப்போது சென்னையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குகிறேன். செமினாரில் ஆங்கிலத்தில் பேச எழுந்தால் உள்ளங்கை வியர்த்து, தெரிந்ததும் மறந்துவிடுகிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரட்டுமா? அப்பாவிடம் பணம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.
- ஒரு மாணவி, தாம்பரம்

ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை பதிலளிக்கிறார்:

பணம் கேட்க வேண்டாம், மகளே. தேர்வில் அவ்வளவு எழுதுகிறவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காசிமேட்டிலிருந்து வந்த என் மாணவன் ஒருவன், உட்கார்ந்தபடி பக்கத்துப் பையனுக்குச் சரியான பதிலைச் சொல்லிக்கொடுப்பான். எழுப்பிவிட்டால் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கரும்பலகையையே பார்ப்பான்.

சொல்லைத் தேடுவது, வாக்கியம் அமைப்பது, உச்சரிப்பைக் கவனிப்பது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அதே மனம் ‘சிரிப்பார்களோ’ என்றும் தவித்தால் சொல்லைத் தேட இடம் ஏது? தமிழில் இவை தாமாக நடப்பதால் பதற்றத்திலும் சமாளித்துவிடுகிறோம். எலைன் ஹார்விட்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1986இல் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, இந்த அச்சத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். தெரிந்ததையே மறக்கும் அளவுக்குப் பதற்றம் வருகிறது என்பது அவற்றில் ஒன்று. உன் கடிதத்தில் இருப்பதும் அதுதான்.

செமினாரின் முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் சத்தமாகச் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழக்கு. முழுவதையும் மனப்பாடம் செய்யாதே. நடுவில் ஒரு சொல் தவறினால் அப்படியே நின்றுவிடுவாய். உன்னைப் போலவே தமிழ்வழியில் வந்த தோழி ஒருத்தியுடன், மின்சார ரயிலில் போகும்போது அன்றைய ஆய்வகச் சோதனையை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு போ. அந்த இரைச்சலில் அடுத்தவருக்கு எதுவும் கேட்காது. ‘விஸ்காஸிட்டி’ என்ற சொல் வரவில்லையா? எண்ணெய் எவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று எளிய சொற்களில் சொல். பாடம் தெரிந்த பெண் என்று ஆசிரியருக்குப் புரியும்.

ஆசிரியர்கள்மீது எனக்குக் கோபமும் உண்டு. பிள்ளை வாக்கியத்தை முடிப்பதற்குள் ‘ஹேஸ் இல்லை, ஹேவ்’ என்று ஏன் குறுக்கிட வேண்டும்? பேசி முடித்த பிறகு தனியே அழைத்துச் சொல்லலாமே! ‘முடித்ததும் திருத்துங்கள், மேடம்’ என்று முன்கூட்டியே கேட்டுவிடு. அப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

தூக்கம் கெட்டு, கல்லூரிக்குப் போகவே அஞ்சும் நிலை வந்தால் மட்டும் தள்ளிப்போடாதே. 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.