கவர் லெட்டரில் நெறியாளருக்கு என்ன வேலை?

பல்கலைக்கழக வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இந்த முறை அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு, வேலை விளம்பரத்தை ஒழுங்காகப் படித்திருந்தாலே பதில் கிடைத்திருக்கும். மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: உதவிப் பேராசிரியர் வேலைக்கான கவர் லெட்டர், அதாவது விண்ணப்பத்தோடு வைக்கும் அறிமுகக் கடிதம், எத்தனை பக்கம் இருக்கலாம்?

விளம்பரம் சொல்கிற அளவு. ஒன்றும் சொல்லாவிட்டால் அறிவியல் துறைகளுக்கு ஒரு பக்கம், இலக்கியம், வரலாறு போன்றவற்றுக்கு இரண்டு. எழுத்தைப் பொடியாக்கி மூன்று பக்கத்தை இரண்டில் திணிக்காதீர்கள், படிக்கிறவர்களுக்கும் கண் வலிக்கும்.

கேள்வி: நான்கு கட்டுரைகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'வெளிவரவிருப்பவை' என்று போடலாமா?

கூடாது. ஆய்விதழ் ஏற்றுக்கொண்டால்தான் வெளிவரவிருப்பது. அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் பரிசீலனையில் இருப்பது. அரைகுறையாகக் கணினியில் கிடப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நேர்காணலில் 'பிரதி கொடுங்கள்' என்றால் என்ன செய்வீர்கள்?

கேள்வி: கடிதத்தை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு?

முதல் பத்தியிலேயே. உங்கள் ஆய்வு நெறியாளர் பெயர் அதில் மூன்று முறை வருகிறது. 'அன்னாரின் மேலான வழிகாட்டுதலின் கீழ் ஆய்வு மேற்கொள்ளும் அரிய வாய்ப்பைப் பெற்றேன்.' இந்த வாக்கியத்தோடு நான் மல்லுக்கட்டாத வருஷம் இல்லை. நெறியாளர் தனியாகப் பரிந்துரைக் கடிதம் எழுதத்தானே போகிறார்? தேர்வுக் குழு தேடுவது பணிவான மாணவரை அல்ல, நாளைக்குப் பக்கத்து அறையில் உட்காரப்போகிற சக ஆசிரியரை.

இரண்டாம் பத்தி இன்னும் மோசம். 'மண்புழுக்களின் மீது பூச்சிக்கொல்லியின் தாக்கம் ஆராயப்பட்டது.' யார் ஆராய்ந்தது? என்ன தெரிந்தது? கேட்டு எழுதினேன். மண்புழுவைக் கொல்லாத அளவு மருந்தே அது முட்டைக்கூடு போடுவதைக் குறைத்துவிடுகிறது என்று பதில் வந்தது. அட, இதை ஏன் கடிதத்தில் எழுதவில்லை? 'ஆய்வேட்டில் இருக்கிறதே' என்கிறீர்கள். மேஜையில் இருநூறு விண்ணப்பம் கிடக்கும்போது உங்கள் ஆய்வேட்டை யார் புரட்டுவார்கள்? ஒரு கடிதத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம் கிடைத்தாலே பெரிது. 'இதைக் கேட்டேன், இதைக் கண்டேன், அடுத்து இதைச் செய்யப்போகிறேன்' என்று நேராக எழுதுங்கள். 'பட்டது'களை எல்லாம் அடித்துவிடுங்கள்.

கேள்வி: ஒரே கடிதத்தை 30 இடங்களுக்கு அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லையே?

எனக்கு அனுப்பிய பிரதியில், மேலே ஒரு பல்கலைக்கழகம், கடைசிப் பத்தியில் இன்னொன்று. வேறு விளக்கம் வேண்டுமா? ஆய்வைப் பற்றிய பத்திகள் அப்படியே இருக்கலாம். அந்தத் துறையில் எந்தப் பாடங்களை எடுப்பீர்கள் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டும்.

கேள்வி: பிரிட்டிஷ் பல்கலைக்கழக விளம்பரத்தில் அவசியத் தகுதிகள், விரும்பத்தக்க தகுதிகள் என்று இரண்டு பட்டியல் இருக்கிறது. கடிதத்தில் தொட வேண்டுமா?

கட்டாயம். அவசியத் தகுதிகளில் ஒன்றைக்கூட விடாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று கொடுங்கள். முதல் வடிகட்டலே பெரும்பாலும் அந்தப் பட்டியலை வைத்துத்தான்.

கேள்வி: எனக்குக் கற்பித்தல் அனுபவம் இல்லை. ஆர்வம் மட்டும் நிறைய உண்டு.

ஆர்வம் எல்லோருக்கும் உண்டு. ஆய்வகத்தில் இளையவர்களுக்குக் கருவியை இயக்கக் காட்டியதே இல்லையா? அப்புறம் என்ன, அதை எழுதுங்கள்.

கேள்வி: ஆய்வேடு இன்னும் சமர்ப்பிக்கவில்லை. மறைக்கலாமா?

வேண்டாம். சமர்ப்பிக்கப்போகும் மாதத்தைச் சொல்லுங்கள். 'விரைவில்' என்பது மாதம் இல்லை.

கேள்வி: 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கலாமா?

துறைத் தலைவர் பெண்ணாக இருந்தால்? அவர் பெயர் விளம்பரத்திலேயே இருக்கக்கூடும். இல்லாவிட்டால் 'தேர்வுக் குழுவினருக்கு' போதும். விளம்பரத்தைப் படித்தீர்களா, இல்லையா?