ஹேண்டில் நடுவில் தட்டினால் கோன் செட்டைப் பாருங்கள்

இருபது வருட இருசக்கர வண்டி, அடுத்த வாரம் தகுதிச் சோதனை, ஹேண்டிலைத் திருப்பினால் நேராக வரும் இடத்தில் லேசாகத் தட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றதையெல்லாம் விட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி பின்பக்கத்தை யாரையாவது அமுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டே விரலால் ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் குழியில் விழுந்ததுபோல் நின்றால், கோன் செட்டில், அதாவது ஹேண்டில் தண்டு திரும்புவதற்கு மேலும் கீழும் இருக்கும் பேரிங்கில், குண்டுகள் பதிந்து பள்ளம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். கோன் செட்டின் நட்டை இறுக்கினால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். இறுக்க இறுக்கத் தட்டல் கூடும், வண்டியும் நேராகப் போகாமல் அலையும். மேலும் கீழும் செட்டாக மாற்றிவிடுங்கள். அப்புறம் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது.

பிரேக் லைட் கையிலும் காலிலும் எரிகிறதா பாருங்கள். கால் ஸ்விட்ச்தான் அழுக்கேறி ஏமாற்றும். டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) நிறைய இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள், ரப்பருக்கும் வயசாகும்.

புது கோன் செட் ஓட ஓடக் கொஞ்சம் உட்காரும். சோதனைக்கு முன் சில நாள் ஓட்டி, நட்டை ஒருமுறை சரிபார்க்க நேரம் வேண்டும். அதனால் நாளைக்கே கழற்றிவிடுங்கள்.