வான்கோவின் கடைசி ஊரில் என்ன இருக்கிறது?

அன்புள்ள அண்ணன்,

ஆகஸ்ட் கடைசியில் பாரிஸ் லாச்சப்பலில் அக்கா வீட்டில் நின்றபோது, ஓவியர் வான்கோ கடைசியாக வாழ்ந்த ஓவெர் சுர் உவாஸ் கிராமத்துக்கு ஒரு நாள் போய்வந்தோம். அவர் தங்கிய விடுதியில் காசு கட்டி மாடி ஏறினால் வெறும் அறை, கட்டில்கூட இல்லை. பார்க்க அவருடைய ஓவியமும் இல்லை. கடைசியாகக் காகங்களை வரைந்த வயல் என்றார்கள், அறுத்த தரைதான் கிடந்தது. பிள்ளைகள் ‘எதுக்கு வந்தோம்?’ என்று கேட்டார்கள். என்ன சொல்வது?

வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

அந்த அறை வெறுமையாக இருப்பதுதான் சரி. யாருடையதோ ஒரு பழைய கட்டிலைப் போட்டு ‘இதில்தான் படுத்தார்’ என்று காட்டுவதைவிட இது எவ்வளவோ நேர்மை. ரவூ விடுதியில் சாப்பாட்டோடு நாளுக்கு மூன்றரை பிராங்க் கொடுத்து இருந்தவர் அந்த அறைக்குப் படுக்கத்தான் வந்தார், பகலெல்லாம் படம் வரைகிற வேலை. 1890 மே 20 வந்தார், ஜூலை 29 இறந்தார், இடையில் எழுபதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள்! பைத்தியம், துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார் என்றே சொல்லிச் சொல்லி இந்த உழைப்பை மறைத்துவிட்டார்கள், எனக்கு அது பொறுக்கவே இல்லை.

காகப் படமும் கடைசிப் படம் இல்லை. இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் கடைசி என்று கொள்வது ‘மர வேர்கள்’. விடுதியிலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் தெருவோரத்தில் சரிவான ஒரு மண்மேடு, 2020இல் ஒரு பழைய தபாலட்டையை வைத்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பெரிய வேர் இன்னும் இருக்கிறது. படத்தில் வேர்கள் நீலமாக முறுக்கிக்கொண்டு நிற்கும், சில இடம் முடிக்காமல் கிடக்கும். கடைசியாக அவர் வெயிலும் உயிருமாக ஒரு மரக்காட்டை வரைந்தார் என்று அவருடைய தம்பி தியோவின் மைத்துனர் எழுதியிருக்கிறார். அந்தச் சரிவைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

வயலுக்கு நீங்கள் பிந்திப் போய்விட்டீர்கள். உங்கள் பக்கம் பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரை வயல் வட்டையில் நெல் வேளாண்மை பழுத்து நிற்கும்போது பார்த்தவருக்கு அந்த மஞ்சளை விளக்கத் தேவையில்லை, ஆனால் வெட்டு முடிந்தபின் அங்கேயும் பார்க்க என்ன இருக்கும்? கோதுமை விதைத்த வருடம் பார்த்து ஜூலை தொடக்கத்தில் போங்கள். வயலோடு ஒட்டித்தான் மயானம். அண்ணன் போய் ஆறு மாதத்தில் தியோவும் போய்விட்டார். அவரை ஒல்லாந்தில்தான் அடக்கினார்கள், 1914இல் அவர் மனைவி ஜோ இங்கே கொண்டுவந்து அண்ணனுக்குப் பக்கத்தில் வைத்தார். ஓவியங்களையும் கடிதங்களையும் காப்பாற்றி உலகத்துக்குக் கொடுத்ததும் அந்த அம்மாதான், அவரைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், போகிற வரிசையையும் மாற்றுங்கள். பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் அந்த ஊர்த் தேவாலயப் படமும் அங்கே அவரைப் பார்த்துக்கொண்ட டாக்டர் காஷேயின் படமும் இருக்கின்றன, முதல் நாள் அதைப் பாருங்கள். கருநீல வானம், நெளிந்து நிற்கும் சுவர், இரண்டாகப் பிரியும் பாதை. மறுநாள் அந்தத் தேவாலயத்துக்கு முன்னால் போய் நின்றால் சுவர் நேராகத்தான் இருக்கிறது, சாதாரணச் சுண்ணாம்புக்கல். அவர் என்ன செய்தார் என்பது அப்போதுதான் பிடிபடும். லாச்சப்பலில் இருந்து கார் து நோர் ரயில் நிலையம் நடக்கிற தூரம், ரயில் அங்கிருந்துதான். அறையைப் பார்த்தாயிற்று, இந்த முறை அதை விட்டுவிடலாம்.