சர்க்கரை உள்ளவர் ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. பென்னாகரம் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறோம். சர்க்கரை வந்து 12 வருடம் ஆகிறது. காலையும் இரவும் 30/70 இன்சுலின் போடுகிறேன். மெட்ஃபார்மினும் பி.பி. மாத்திரையும் உண்டு. கடைசியாகப் பார்த்தபோது மூன்று மாதச் சராசரி 8.4 இருந்தது. மல்பெரித் தழை சுமந்து சுமந்து முதுகு வலி. வலது கையை ஆறு மாதமாகத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு ஒகேனக்கல் போவோம், அங்கே எண்ணெய் மசாஜ் செய்துகொள்ள ஆசை. ஓசூரில் வேலை செய்யும் மகள், அங்குள்ள ஒரு ஸ்பாவில் மசாஜ், நீராவிக் குளியல், பாதப் பராமரிப்பு எல்லாம் சேர்த்துப் பணம் கட்டி வைத்திருக்கிறாள். தொடர்ந்து மசாஜ் செய்தால் சர்க்கரை இறங்கும், இன்சுலினை விட்டுவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உள்ளங்கால் ஒரு வருடமாக மரத்துப்போகிறது, செருப்பு கழன்றால்கூடச் சில நேரம் தெரிவதில்லை. இடது பெருவிரலுக்கு அடியில் ஒரு கால் ஆணி உண்டு, வலி இல்லை. நான் மசாஜ் செய்துகொள்ளலாமா?

மருத்துவர் பதில்:

செய்துகொள்ளலாம் ஐயா. சர்க்கரை இருப்பதால் மட்டும் யாரும் மசாஜை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, நீங்கள் இன்சுலின் போடுகிறீர்கள். இன்னொன்று, உங்கள் காலுக்கு உணர்ச்சி குறைந்துவிட்டது. மசாஜ் உடம்பை இதமாக்கும் விஷயம்தான். ஆபத்து வருவது இந்த இரண்டு வழியாகத்தான்.

முதலில் உறவினர் சொன்னதை முடித்துவிடுகிறேன். மசாஜால் இன்சுலினை நிறுத்த முடியாது. நீங்கள் நடக்கும்போதும் தழை சுமக்கும்போதும் தசை தானாகச் சுருங்கி விரிந்து ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எரிக்கிறது. மசாஜில் உழைப்பது அடுத்தவரின் கை, உங்கள் தசை சும்மா படுத்திருக்கிறது. மனம் லேசாகும், தூக்கம் நன்றாக வரும், அதனால் சிலருக்குச் சர்க்கரை கொஞ்சம் சீராகலாம். அவ்வளவுதான். 8.4 என்பது இருக்கிற மருந்தே போதவில்லை என்று சொல்லும் எண். இந்த நிலையில் இன்சுலினை விட்டால் சில நாட்களிலேயே ஆஸ்பத்திரியில் படுக்க நேரலாம். நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார், ஆனாலும் கேட்காதீர்கள்.

இனி ஒகேனக்கல் நாள். நம் ஊர்க்காரர்கள் அங்கே எப்படிப் போகிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். காலை ஏழு மணிக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு, ‘எண்ணெய் தேய்க்கப் போகிறோம், வயிறு லேசாக இருக்கட்டும்’ என்று ஒரு இட்லியோடு கிளம்புவார்கள். பத்து மணிக்குப் பாறையில் படுத்து எண்ணெய் மசாஜ். பிறகு அருவியில் ஒரு மணி நேரம். அப்புறம் மீன் வாங்கி, மசாலா தடவிப் பொரித்து, சோறு வெந்து இலையில் விழ மதியம் இரண்டாகிவிடும். 30/70 இன்சுலினில் வேகமாக வேலை செய்யும் பகுதி போட்ட இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், மெதுவான பகுதி மதியத்துக்கு மேலும் இறக்கிக்கொண்டே இருக்கும். அதாவது, வயிறு காலியாக மசாஜ் பாறையில் படுத்திருக்கும் நேரமும் இன்சுலின் முழு வீச்சில் இருக்கும் நேரமும் ஒன்றாக அமைகின்றன. இதோடு ஊசி போட்ட தொடையையோ வயிற்றையோ அழுத்தித் தேய்த்தால் தோலுக்கடியில் இருக்கும் மருந்து வழக்கத்தைவிட வேகமாக ரத்தத்தில் கலக்கும். சூடு பட்டாலும் அப்படியே.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பசிக்கும், கண் மங்கும், பேச்சு குழறும். வீட்டில் இருந்தால் உடனே தெரிந்துவிடும். அருவியில் நனைந்து நடுங்கினால் குளிர் என்று நினைப்பீர்கள். மசாஜில் கண் சொக்கினால் சுகம் என்று நினைப்பீர்கள். நீராவி அறையில் வியர்த்தால் ஆவியால் என்று நினைப்பீர்கள். பக்கத்தில் இருப்பவரும் அப்படித்தான் நினைப்பார். 12 வருடமாகச் சர்க்கரை இருக்கிறவர்களில் சிலருக்கு இந்த அறிகுறிகளே மழுங்கிப் போயிருக்கும். நான் பயப்படுவது இந்த ஏமாற்றத்துக்குத்தான். தண்ணீருக்குள் நிற்கும்போது மயக்கம் வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே அன்றைக்கு இன்சுலினைத் தவிர்க்காதீர்கள், சாப்பாட்டையும் தவிர்க்காதீர்கள். ஊசி போட்ட அரை மணி நேரத்தில் வழக்கமான காலை உணவை முழுதாகச் சாப்பிடுங்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கழித்து மசாஜ். படுப்பதற்கு முன் குளுக்கோமீட்டரில் ஒரு தடவை பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ நாலு பிஸ்கட்டோ தின்று, கால் மணி நேரம் பொறுத்து, மறுபடி பார்த்துவிட்டுப் படுங்கள். 300-க்கு மேல் இருந்தால் அன்றைக்கு மசாஜ் வேண்டாம், தண்ணீர் குடியுங்கள். கூடவே வாந்தியோ மூச்சு வாங்குவதோ இருந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மதியம் மீன் வேகட்டும், அதுவரை காத்திருக்காமல் பதினொன்றரை மணிக்கு ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுவிடுங்கள். சாராயம், பீர் பக்கம் போகவே வேண்டாம். மது உள்ளே போனால், சர்க்கரை இறங்கும்போது கல்லீரல் கொடுக்கவேண்டிய குளுக்கோஸ் வெளியே வராது.

குளுக்கோஸ் பவுடரைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன் என்று பலர் சொல்வார்கள். ஒகேனக்கல்லில் சட்டை எங்கே இருக்கும்? கழற்றிப் பையில் போட்டு, பையை யாரிடமோ கொடுத்துவிட்டுத் துண்டோடு நிற்பீர்கள். அதனால் குளுக்கோஸ் பாக்கெட் உங்கள் மனைவி கையிலோ மகள் கையிலோ இருக்கட்டும், அவர்கள் கரையில் உங்களைப் பார்க்கும் தூரத்தில் இருக்கட்டும். நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து குடியுங்கள். கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். சாக்லேட் இதற்கு உதவாது, அதில் இருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை வீட்டில் எல்லோருக்கும் இப்போதே சொல்லி வையுங்கள்.

மசாஜ் செய்பவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்: ‘எனக்குச் சர்க்கரை இருக்கிறது, இன்சுலின் போடுகிறேன், வயிற்றையும் தொடையையும் அழுத்த வேண்டாம்.’ சொன்னால் செய்ய மாட்டார்களோ என்று மறைப்பவர்கள் உண்டு. அங்கே தலைமுறையாக இந்தத் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சொன்னால் கையை அதற்கேற்ப மாற்றிக்கொள்வார்கள். முதுகு, புஜம், தோள்பட்டை எல்லாம் மிதமான அழுத்தத்தில் தாராளமாகத் தேய்க்கட்டும். கழுத்தைப் பிடித்து வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அதில் கிழிந்து பக்கவாதம் வரை போனதுண்டு. கண்ணில் சர்க்கரையால் ரத்தக்கசிவு ஆகி லேசர் வைத்தவராக இருந்தால் தலையில் ஓங்கித் தட்டுவதும் வேண்டாம். விழித்திரைப் பரிசோதனை வருடத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டும். நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை.

அந்த வலது தோள், தழை சுமந்ததால் வந்தது மட்டும் இல்லை என்று சந்தேகப்படுகிறேன். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். எண்ணெய் தேய்த்தால் சுற்றியிருக்கும் தசை தளர்ந்து வலி குறையும், நல்லதுதான். ஆனால் ‘இழுத்துவிட்டால் சரியாகிவிடும்’ என்று கையை மேலே பலவந்தமாகத் தூக்கவிடாதீர்கள், வலி இரட்டிப்பாகும். சுவரை ஒட்டி நின்று விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறுகிற பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொண்டு தினமும் செய்யுங்கள். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கை நன்றாக மேலே வந்துவிடும்.

கெண்டைக்கால் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதை அழுத்தித் தேய்த்தால் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய்விடலாம். நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அது ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். இரண்டுக்குமே முதலில் டாக்டர்தான், மசாஜ் இல்லை.

மகள் கட்டிய பணம் வீணாக வேண்டாம். ஸ்பாவில் எண்ணெய் மசாஜை மட்டும் எடுத்துக்கொண்டு, நீராவிக் குளியலுக்குப் பதிலாக இன்னும் கொஞ்ச நேரம் தோளுக்கும் முதுகுக்கும் கேளுங்கள். நீராவியில் உடம்பு நீர் இழக்கும், பி.பி. மாத்திரையும் சேர்ந்து எழுந்தவுடன் தலை சுற்றும். நீண்ட நாள் சர்க்கரையால் உள்நரம்புகள் கெட்டவர்களுக்கு இது இன்னும் அதிகம். மசாஜ் மேசையிலிருந்து இறங்கும்போதும் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். சூடான கல் வைக்கும் மசாஜ் உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

பாதப் பராமரிப்பும் வேண்டாம். வெந்நீரில் காலை ஊற வைப்பது, கல்லால் தேய்ப்பது, பிளேடால் தோல் சீவுவது, மீன் தொட்டியில் காலை விடுவது எதுவும் கூடாது. வெந்நீர் சுடுகிறதா என்று உங்கள் கால் உங்களுக்குச் சொல்லாது. கொப்புளம் வந்த பிறகு கண்ணில் பட்டால்தான் உண்டு. மீன்தொட்டித் தண்ணீர் பலர் கால் வைத்த தண்ணீர், சிறு கீறல் போதும் கிருமி நுழைய.

இதே காரணத்துக்காக ஒகேனக்கல் பாறையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். பதினொரு மணி வெயிலில் அந்தப் பாறை எப்படிக் காயும் என்று உங்களுக்கே தெரியும். மற்றவர்கள் துள்ளிக்கொண்டு நிழலுக்கு ஓடுவார்கள். நீங்கள் நிதானமாக நடந்து போவீர்கள், சாயங்காலம் வீட்டில் பார்த்தால் உள்ளங்கால் தோல் உரிந்திருக்கும். குதிகாலில் பட்டை வைத்து இறுக்குகிற செருப்பு போட்டுக்கொண்டே தண்ணீருக்குள்ளும் இறங்குங்கள். எண்ணெய்க் காலோடு ரப்பர் செருப்பு வழுக்கும், அதனால் பாதத்துக்கு எண்ணெய் வேண்டாம். விரல் இடுக்கில் எண்ணெய் தங்கினால் அங்கே புண் வரும். குளித்ததும் ஒவ்வொரு இடுக்கையும் துணியால் ஒற்றி எடுங்கள். இரவு உங்கள் மனைவி வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும் அடியில் பார்க்கட்டும்.

கடைசியாக அந்தக் கால் ஆணி. கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. உணர்ச்சி இல்லாத காலில் பெருவிரலுக்கு அடியில் தோல் தடித்திருக்கிறது, வலியும் இல்லை என்றால், அடியில் புண் மறைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நடுவில் கறுப்பாகவோ சிவப்பாகவோ தெரிந்தாலும், ஈரமாக இருந்தாலும் நாளைக்கே போங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் சர்க்கரை டாக்டரிடமோ காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள், அதிர்வுக் கவையை வைத்து உணர்ச்சி பார்ப்பார்கள், பாதத்தின் நாடியைப் பிடித்துப் பார்ப்பார்கள். பத்து நிமிட வேலை. மக்களைத் தேடி மருத்துவம் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய திட்டம். அதில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருபவர் இருந்தால், அவரிடமும் இந்தக் காலைக் காட்டுங்கள், எங்கே போகவேண்டும் என்று சொல்வார்.

பார்த்து முடிக்கும்வரை ஆணியை நீங்களாகச் சீவ வேண்டாம், மருந்துக்கடை ஆணி பிளாஸ்திரியும் ஒட்ட வேண்டாம். அதில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். ஆடி 18-க்கு முன்பே இந்தப் பரிசோதனை முடிந்திருக்கட்டும். புண் இருக்கிறது என்று சொன்னால், இந்த வருடம் அருவியில் இறங்காமல் கரையிலேயே நிழலில் உட்கார்ந்து முதுகுக்கும் தோளுக்கும் மட்டும் மசாஜ் செய்துகொள்ளுங்கள்.