வாசலில் யார் நிற்பார்கள்? பிரசவ மையத்திலிருந்து மருத்துவமனைக்கு மாற்றும்போது

கேள்வி: நாங்கள் மூன்று மிட்வைஃப்கள் (பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்கள்) சேர்ந்து சிறிய பிரசவ மையம் நடத்துகிறோம். சென்ற மாதம், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காத ஒரு தாயை மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். போனில் ஒருவர், வாசலில் இன்னொருவர், லேபர் வார்டில் வேறொருவர் என்று மூன்று பேரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. தாய் பிழைத்துவிட்டார். ஆனால் “ஏன் இவ்வளவு தாமதம்?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். அடுத்த முறை எப்படிச் செய்வது?

பதில்: தாய் நலம் என்பது பெரிய ஆறுதல். நான் அந்த வாசலின் மறுபக்கம், லேபர் வார்டில் நின்று இப்படி வருகிறவர்களுக்குப் பொறுப்பேற்கும் மகப்பேறு மருத்துவர். அதனால் எங்கள் பக்கத்துக் குறையையும் சேர்த்தே சொல்கிறேன்.

மாற்ற நேர்ந்ததற்காகக் கூசாதீர்கள். இங்கிலாந்தில் 2011-ல் வெளியான பெரிய ஆய்வில், தனியாக இயங்கும் பிரசவ மையங்களைத் தேர்ந்தெடுத்த தலைப்பிரசவத் தாய்மார்களில் சுமார் 36 சதவீதம் பேரும், ஏற்கெனவே பெற்றவர்களில் 9 சதவீதம் பேரும் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். பிரசவம் மெதுவாக நகர்ந்ததுதான் அதிகமாகச் சொல்லப்பட்ட காரணம். மாற்றுவது உங்கள் அன்றாட வேலையின் ஒரு பகுதி. அதற்கும் ஒத்திகை வேண்டும்.

மூன்று முறை சொல்ல நேர்ந்ததற்கு வேர் அந்த முதல் போன்தான். என்ன நடந்தது என்று கதையாகத் தொடங்கினால், கேட்பவருக்கு அவசரம் புரிவதற்குள் இரண்டு நிமிடம் போய்விடும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவத்துக்கு வந்த ஒரு வரிசை உண்டு: நிலை, பின்னணி, கணிப்பு, வேண்டுகோள். உங்கள் போன் இப்படி இருந்திருக்கலாம்:

“பிரசவ மையத்திலிருந்து மிட்வைஃப் பேசுகிறேன். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு, நிற்கவில்லை, அழைத்து வருகிறோம். 28 வயது, இரண்டாவது பிரசவம், 40 நிமிடம் முன்பு சுகப்பிரசவம், நஞ்சுக்கொடி முழுதாக வந்துவிட்டது. இதுவரை 900 மில்லி போயிருக்கிறது. பல்ஸ் 124, பிபி 90/50. கர்ப்பப்பை இறுகவில்லை, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆக்ஸிடோசின் 10 யூனிட் 3:05-க்கு, டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் 3:15-க்குக் கொடுத்தோம். ரத்த வகை ஓ பாசிட்டிவ். 25 நிமிடத்தில் வருவோம். வாசலில் மகப்பேறு மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் வேண்டும், ரத்தம் தயாராக வேண்டும்.”

(ஆக்ஸிடோசின் கர்ப்பப்பையை இறுக்கும் மருந்து, டிரானெக்சாமிக் அமிலம் ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து.) இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. கடைசி வரிதான் பலரும் விட்டுவிடுவது. தகவல் மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவர் “சரி, வாங்க” என்று வைத்துவிடுவார். என்ன வேண்டும் என்று கேட்டால்தான் ஆள் ஓடும். அதன்பின் “நான் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். வாசலில் வந்து நிற்பவர் யார் என்று பெயரும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நேரங்களைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: டிரானெக்சாமிக் அமிலத்தைப் பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அரை மணி கழித்தும் ரத்தம் நிற்காவிட்டால் இரண்டாவது டோஸ் உண்டு. முதல் டோஸ் எப்போது என்று தெரியாவிட்டால் நாங்கள் இருட்டில் தடவுவோம்.

மூன்று பேர் என்பது இதற்குப் போதும். ஒருவர் தாயின் பக்கத்திலிருந்து நகராமல் கர்ப்பப்பையைத் தேய்த்துக்கொண்டிருக்கட்டும், இன்னொருவர் மருந்தும் போனும், மூன்றாமவர் நேரத்தோடு எழுதுவதும் குழந்தையும். போனை ஸ்பீக்கரில் போடுங்கள். தாயின் அருகில் இருப்பவர் தவறைத் திருத்த முடியும். உங்கள் மூவருக்குள்ளும் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் வேண்டும். “ஆக்ஸிடோசின் 10 யூனிட் போடு” என்றால் “10 யூனிட் போடுகிறேன்”, பிறகு “போட்டாச்சு, 3:05”. அப்போது மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டியிராது.

தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் இறங்கிவிட்டால் வேலைப் பிரிவு மாறும். குழந்தையின் தலை கொடியை அழுத்தாமல் கையால் தாங்குபவர் ஆபரேஷன் தியேட்டர் வரை கையை எடுக்கக் கூடாது, அவரால் போன் பேச முடியாது. ஓடும் வண்டியில் தாய் முழங்கால் ஊன்றியிருப்பது பாதுகாப்பில்லை, இடப்பக்கம் படுக்க வைத்து இடுப்பை உயர்த்துங்கள். தோள் சிக்கிய பிரசவத்தை மட்டும் வண்டியில் ஏற்ற நினைக்காதீர்கள். அங்கேயே விடுவிக்க வேண்டும், அதே நேரத்தில் இன்னொருவர் போன் செய்யட்டும்.

தாயிடமும் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். “ரத்தம் அதிகமாகப் போகிறது, நிறுத்த மருந்து போட்டிருக்கிறோம், மருத்துவமனைக்குப் போகிறோம், நான் கூடவே வருகிறேன்” என்பது போதும். இதைக் கேட்காமல் வண்டியில் ஏற்றப்பட்டவர்கள் அந்தப் பயத்தை வெகுநாள் சுமப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தக் கேள்வி. “ஏன் தாமதம்?” என்று தாயின் முன்னால் கேட்டது தவறு. அப்படிக் கேட்கப்பட்ட மிட்வைஃப் அடுத்த முறை போனை எடுக்கத் தயங்குவார், தாமதம் உண்மையாகவே கூடும். கேட்க வேண்டிய நேரம் வேறு. சில நாட்களுக்குள் இரு பக்கத்தாரும் ஆம்புலன்ஸ் ஊழியரும் சேர்ந்து உட்கார்ந்து, எழுதிய நேரங்களை வைத்துப் பேசுங்கள். முடிவெடுக்க எத்தனை நிமிடம், வண்டி வர எத்தனை, வாசலிலிருந்து மருத்துவரிடம் போக எத்தனை என்று. இந்தக் கூட்டத்தை நீங்களே கேட்டு வாங்குங்கள். கூடவே, லேபர் வார்டின் நேரடி எண்ணையும், ஆண்டுக்கு இரண்டு முறையாவது அதே வண்டி, அதே வழி, அதே வாசலில் ஒத்திகையையும் கேளுங்கள்.

ஒப்படைக்கும்போது, தாயை மேசைக்கு மாற்றும் முன் அரை நிமிடம் எல்லோரும் கையை நிறுத்திக் கேட்கட்டும், உயிர்காக்கும் வேலையைத் தவிர. குழந்தையும் வந்தால் அதற்குத் தனி ஒப்படைப்பு, தனிக் குறிப்பு. பொறுப்பேற்பவர் “எடுத்துக்கொண்டேன்” என்று சொல்லும்வரை நகராதீர்கள். குறிப்பேட்டின் ஒரு நகலையும் உங்கள் எண்ணையும் கொடுத்துவிட்டு, தாய் விரும்பினால் அவர் பக்கத்திலேயே இருங்கள்.