பேட்ச் நம்மகிட்ட இருந்தா போதுமா?

அன்புள்ள அண்ணா,

எங்க பில்லிங் சாஃப்ட்வேர்ல பிடிஎஃப் எடுத்தா "கொ" உடைஞ்சு வருது, கொம்பு க-வுக்குப் பின்னாடி போய் உக்காந்துக்குது. தப்பு நாங்க யூஸ் பண்ற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரில (யார் வேணா எடுத்து மாத்திக்கலாம்ங்கற ரெடிமேட் கோட்). எங்க காப்பில நாங்களே ஒரு பேட்ச் (கோட்ல சின்ன திருத்தம்) போட்டு சரி பண்ணிட்டோம். அப்ஸ்ட்ரீமுக்கு, அதாவது அந்த லைப்ரரியை எழுதுறவங்களுக்கே அனுப்பலாம்னா, "நம்ம வேலைதான் முடிஞ்சிருச்சே"ங்கறாங்க டீம்ல. அனுப்பணுமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர்

தம்பி,

அனுப்புங்க, இந்த வாரமே. லைப்ரரில அடுத்த ரிலீஸ் வரும்போது உங்க பேட்ச் ஒட்டாது, யாராவது உக்காந்து மறுபடி ஒட்டணும், அதுக்கு அடுத்த ரிலீஸ்லயும் அதே கதை, கடைசில பயந்துகிட்டு பழைய வெர்ஷன்லயே நின்னுடுவீங்க, அப்புறம் செக்யூரிட்டி ஃபிக்ஸ் வந்தாலும் உங்களுக்கு வந்து சேராது.

இதைவிட எனக்குப் பெரிய பயம் ஒண்ணு இருக்கு. 2006ல டெபியன்ங்கற லினக்ஸ் பதிப்புல, ரகசியக் குறியீட்டு லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்-ஐ, மெமரி தப்பு தேடுற வால்கிரைண்ட் டூல்ல ஓட்டுனப்ப வார்னிங் வருதுன்னு ரெண்டு வரியை எடுத்தாங்க. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி. ஒண்ணு போனா பாதகமில்ல, இன்னொண்ணுதான் ரேண்டம் எண்ணுக்கு வேண்டியதை உள்ள கலக்குற வரி. அது போனதும் மிஞ்சுன வித்தியாசம் பிராசஸ் ஐடி (ஓடுற புரோகிராமுக்கு சிஸ்டம் தர்ற எண்) மட்டும், சுமாரா 32 ஆயிரம் சாத்தியம்தான். 2008 மே மாசம் வெளிய தெரியற வரைக்கும் டெபியன், உபுண்டு மெஷின்கள்ல உண்டாக்குன எஸ்எஸ்எச் சாவிங்க (தூரத்து மெஷின்ல லாகின் பண்ற ரகசிய சாவி) இப்படி சுலபமா ஊகிக்கிற மாதிரிதான் இருந்துச்சு. இத்தனைக்கும் அவங்க கேக்காம செய்யல. ஓப்பன்எஸ்எஸ்எல் ஆளுங்ககிட்ட கேட்டாங்க, டீபக் பண்ண உதவும்னா எடுக்கலாம்ங்கற மாதிரி பதிலும் வந்துச்சு. ஆனா பேட்சை முறையா அனுப்பி, அந்தக் கோடை எழுதுனவங்க வரி வரியா பாக்குற மாதிரி செய்யல. உங்க பேட்சையும் இதுவரைக்கும் உங்க டீமைத் தவிர யாரும் பாக்கல, இல்லையா?

அனுப்புறதுக்கு முன்னாடி தப்பு எந்தப் படில இருக்குன்னு பாருங்க. தமிழ் எழுத்தை வரிசை மாத்தி அடுக்குற வேலையை நிறைய லைப்ரரிங்க ஹார்ஃப்பஸ்ங்கற இன்னொரு லைப்ரரிகிட்ட விட்டுடும், குரோம், ஃபயர்பாக்ஸ், லிப்ரஆபீஸ் எல்லாத்துலயும் அதுதான். அதே ஃபான்ட்ல "கொ" ஃபயர்பாக்ஸ்ல சரியா வந்தா, ஃபான்ட் மேலயும் ஹார்ஃப்பஸ் மேலயும் தப்பு இருக்க வாய்ப்பு கம்மி, உங்க லைப்ரரி ஹார்ஃப்பஸைக் கூப்பிடாமலே விட்டிருக்கலாம். அந்த லைப்ரரியோட லேட்டஸ்ட் கோட்லயும் ஓட்டிப் பாருங்க, ஏற்கனவே சரியாகியிருக்கும் சில சமயம்.

லைப்ரரியைப் பாத்துக்கற மெயின்டெய்னருக்குத் தமிழ் தெரியாதுன்னு வச்சுக்கிட்டு எழுதுங்க. உங்க பில்லிங் கோடை அனுப்பாதீங்க, ஒரே ஒரு "கொ" அச்சடிக்கிற பத்து வரி புரோகிராம், அதோட யூனிகோட் எண்கள், எப்படி வரணும் எப்படி வருதுன்னு ரெண்டு படம், கூடவே ஒரு டெஸ்ட். டெஸ்ட்டை விட்டுடாதீங்க, நாளைக்கு வேற யாரோ அந்தக் கோடைத் தொடும்போது தமிழைக் காப்பாத்தப் போறது அதுதான்.

பதில் வர மாசக்கணக்கா ஆகலாம். அதுவரைக்கும் உங்க பேட்ச் உங்ககிட்ட இருக்கட்டும், ஆனா அதோட தலைல அப்ஸ்ட்ரீம் லிங்க்கை எழுதி வைங்க. அவங்க ரிலீஸ்ல ஃபிக்ஸ் வந்த அன்னிக்கே உங்க பேட்சைத் தூக்கிடுங்க.

லிங்க்கை எனக்கும் அனுப்புங்க தம்பி, நானும் ரெண்டு மூணு ஃபான்ட்ல ஓட்டிப் பாத்து என்ன வருதுன்னு அங்கயே எழுதுறேன்.