தவக்காலத்தில் விவிலியம் வாசிப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

தவக்காலம் தொடங்கிய திருநீற்றுப் புதனன்று விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலில் ஆரம்பித்து, நாளுக்கு ஐந்து அதிகாரம் என்று வாசித்து வந்தேன். அடுத்த நூலான விடுதலைப் பயணத்தில், வழிபாட்டுக்கான சந்திப்புக் கூடாரத்தின் அளவுகள் வந்த இடத்தில் நின்றுவிட்டேன். இப்போது வாட்ஸாப்பில் வருகிற அன்றன்றைய வசனத்தோடு சரி. காலையில் படிக்கும்போது ஆறுதலாக இருக்கிறது. பள்ளிக்கு வேலைக்குப் போய் மணி பத்தானால் என்ன வசனம் என்பதே மறந்துவிடுகிறது. ஒரு வேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருக்கிறேன், வெள்ளிதோறும் சிலுவைப் பாதைக்கும் போகிறேன். மாமியார் பல மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். சமையல், வேலை, அவரைக் கவனிப்பது என்று ஓடும் என் நாளுக்கு விவிலியத்திலிருந்து எதை, எப்படி எடுத்துக்கொள்வது? மாமியாருக்கும் வாசித்துக் காட்ட ஆசை. எதை வாசிக்கலாம்?

ஒரு வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

ஐந்து அதிகாரத் திட்டத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். விடுதலைப் பயணம் 25 முதல் 31 வரை கூடாரத்தை எப்படிச் செய்வது என்ற கட்டளை. 35 முதல் 40 வரை அதைச் செய்து முடித்த விவரம், பெரும்பாலும் அதே அளவுகளோடு. அதுவரை கதையாகவே வாசித்து வந்தவர்கள் பலரும் நிற்கிற இடம் அது. உங்கள் பக்தியில் குறை ஒன்றும் இல்லை. அந்தப் பகுதியை வாசிக்க வேறு நிதானம் வேண்டும், அதற்கு ஆண்டில் வேறு மாதங்கள் இருக்கின்றன.

தவக்காலத்துக்கென்று திருச்சபை வாசகங்களை ஏற்கெனவே பகுத்துத் தந்திருக்கிறது. வார நாள்களுக்கு ஒரு முதல் வாசகம், ஒரு பதிலுரைப் பாடல், ஒரு நற்செய்தி. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுக்கு ஒரு சுற்றாக வரும். தவக்கால வார நாள்களுக்கு ஆண்டுதோறும் அதே வாசகங்கள்தான். தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத பொதுக்காலத்தின் வார நாள்களில் முதல் வாசகம் ஒரு வழியிலும் நற்செய்தி இன்னொரு வழியிலும் போகும். தவக்காலத்திலோ இரண்டையும் பொருத்திப் பார்த்தே தேர்ந்திருக்கிறார்கள். முதல் வாரத் திங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாசகமான லேவியர் 19இல், கூலியாளின் கூலியை மறுநாள் காலைவரை உன்னிடம் வைத்திருக்காதே என்று ஒரு வரி வருகிறது. அன்றைய நற்செய்தி மத்தேயு 25, ‘பசியாய் இருந்தேன், உணவு கொடுத்தீர்கள்’ என்ற பகுதி. இரண்டையும் வாசித்துவிட்டு, பாத்திரம் துலக்க வருகிறவருக்கோ பால்காரருக்கோ பாக்கி நிற்கிறதா என்று பார்த்து அன்றே கொடுத்துவிட்டால், வாசகம் உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் கேட்கிற ‘அன்றாடம்’ இந்த அளவுக்கு எளிமையானது.

வாசிக்கும் முறைக்கு வருவோம். 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் சபைத் துறவி இரண்டாம் கிகோ நான்கு படிகளாக எழுதி வைத்தார்: வாசிப்பு, தியானம், மன்றாட்டு, இறைவனில் அமர்ந்திருத்தல். மடத்துக்காக எழுதியதுதான், ஆனாலும் இருபது நிமிடத்துக்குள் அடங்கும். நற்செய்திப் பகுதியை மட்டும் எடுங்கள். முதல் முறை வாய்விட்டு வாசியுங்கள். கண் தாண்டிப் போவதை நாக்கு தாண்டாது. இரண்டாம் முறை பென்சிலோடு: யார் என்ன செய்தார், யார் பேசாமல் நின்றார் என்று வினைச்சொற்களின் கீழ் மட்டும் கோடு போடுங்கள். மூன்றாம் முறை மனம் எந்த வரியில் தடுக்குகிறதோ அங்கேயே நின்றுவிடுங்கள். அந்த வரியை வைத்துச் சொந்த வார்த்தைகளில் ஐந்து நிமிடம் ஜெபம். கடைசி மூன்று நிமிடம் ஒன்றும் கேட்காமல், ஒன்றும் சொல்லாமல் இருங்கள். விளக்கவுரை வேண்டுமென்றால் இதெல்லாம் முடிந்த பிறகு பாருங்கள். முதலிலேயே திறந்தால் இன்னொருவர் நின்ற வரியில்தான் நீங்களும் நிற்பீர்கள். கைப்பேசியில் வாசிப்பதையும் தவிருங்கள், நடுவில் வருகிற ஒரு செய்தி போதும் எல்லாம் கலைந்துவிடும்.

மார்த்தா, மரியா என்ற சகோதரிகளின் சகோதரன் இலாசர் இறந்து, இயேசு அவரை எழுப்புகிற யோவான் 11ஐ இப்படி வாசித்துப் பாருங்கள். மூன்றாண்டுச் சுற்றின் முதல் ஆண்டில் தவக்காலத்து ஐந்தாம் ஞாயிறு நற்செய்தி அது. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு வழிபாடான உயிர்ப்புத் திருவிழிப்பில் திருமுழுக்குப் பெறப்போகிறவர்களைத் தயாரிக்கத் திருச்சபை பழங்காலந்தொட்டே பயன்படுத்தி வருகிற பகுதி. ‘ஆண்டவரே, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான்’ என்று மார்த்தா சொல்கிறாள், 21ஆம் வசனம். 32இல் மரியாவும் அதையே சொல்கிறாள். வார்த்தை ஒன்று, பதில் இரண்டு. மார்த்தாவிடம் இயேசு பேசுகிறார்: உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே. மரியாவிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை, அவள் அழுவதைக் கண்டு தாமும் அழுகிறார். ஒரே வீட்டில், ஒரே துக்கத்தில் ஒருத்திக்குப் பேச்சு வேண்டியிருக்கிறது, மற்றவளுக்குக் கூட இருந்து அழுகிறவர் வேண்டியிருக்கிறது. நோயாளி இருக்கும் வீட்டுக்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை. 27இல் ‘நீரே மெசியா’ என்று முழு விசுவாசத்தையும் அறிக்கையிட்ட அதே மார்த்தா, 39இல் கல்லறை வாயிலில் ‘நாற்றம் வீசுமே, நான்கு நாள் ஆயிற்றே’ என்று தடுக்கிறாள். பன்னிரண்டு வசனம்தான் இடைவெளி. இயேசு அவளைத் தள்ளிவிடவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: இலாசரை எழுப்புகிறவர் அவர், கல்லை அகற்றுவதையும் கட்டுகளை அவிழ்ப்பதையும் சுற்றி நின்றவர்களிடம் விடுகிறார். படுத்திருப்பவருக்குப் புரண்டு படுக்கக் கைகொடுப்பதும் விரிப்பு மாற்றுவதும் அந்தப் பங்கில் சேர்ந்தவைதான்.

வாட்ஸாப் வசனங்களைப் பற்றி. வசனத்தில் பிழை இல்லை, அதைப் பிய்த்தெடுத்து அனுப்புவதில்தான் நட்டம். எரேமியா 29:11 அடிக்கடி வரும்: உங்களுக்கான என் எண்ணங்கள் கேட்டுக்கல்ல, நல்வாழ்வுக்கே என்று. அது பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தைய வசனம் எழுபது ஆண்டு ஆகும் என்கிறது. 5 முதல் 7 வரை, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், அந்த நகரத்தின் நலனுக்காக மன்றாடுங்கள் என்கிறது. சீக்கிரம் தீராத ஒரு நிலைமைக்குள் இருப்பவருக்கு இந்த மூன்று வசனங்களே உண்மையான ஆறுதல். இனி வாட்ஸாப்பில் வசன அட்டை வந்தால், அதன் முன்னும் பின்னும் பத்து வசனம் திறந்து பாருங்கள்.

வாசித்த பிறகு ஒரே ஒரு செயலைத் தீர்மானியுங்கள், அன்றிரவுக்குள் முடியக்கூடியதாக. ‘பொறுமையாக இருப்பேன்’ என்பது நழுவிவிடும். ‘மாலையில் அவருக்குக் கஞ்சி கொடுக்கும்போது அவசரப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்’ என்பது நிற்கும். திருநீற்றுப் புதனுக்குப் பிறகான வெள்ளியில் வாசிக்கிற எசாயா 58இலும் இப்படித்தான். நோன்பிருந்துகொண்டே சண்டையிடுகிறவர்களைக் கடிந்துவிட்டு, உணவைப் பகிர், வீடற்றவரை ஏற்றுக்கொள், ஆடையற்றவருக்கு உடுத்து என்று கையால் செய்கிற காரியங்களாகவே அடுக்குகிறது. அந்த வரிசையில் கடைசி, சொந்த இனத்தாருக்கு முகத்தை மறைக்காதே என்பது. ஒருசந்தி இருந்த நாளின் மாலையில் யார்மேலாவது எரிந்து விழுகிறோம் என்றால், பகலில் ஒரு குவளை மோர் குடித்து நோன்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்வது மேல்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்து வாசிக்காதீர்கள், அன்றைய பகுதி போதும். சேர்த்து வைத்த பாக்கிதான் பலரை இரண்டாம் வாரத்திலேயே நிறுத்திவிடுகிறது. இயேசு கடிந்துகொள்கிற பரிசேயர் வருகிற இடத்தில் அக்கம்பக்கத்தாரின் முகம் தோன்றினாலும் அதை விட்டுவிடுங்கள், வாசகம் உங்களுக்கு வந்தது.

மாமியாருக்குத் திருப்பாடல் வாசியுங்கள். 23க்கு ஆறு வசனம், 130க்கு எட்டு. இரண்டுமே அவர் அயர்வதற்குள் முடியும். அவருக்குச் சிறுவயதிலிருந்து பழகிய மொழிபெயர்ப்பையே எடுங்கள், சில இடங்களில் அவரே சேர்ந்து சொல்வார், அப்போது நிறுத்தி அவரைச் சொல்லவிடுங்கள். 38ஆம் திருப்பாடலை இப்போதைக்கு வேண்டாம் என்பேன். உடல் நோவைப் பாவத்தோடு சேர்த்துப் பேசுகிறது, படுக்கையில் இருப்பவரை அது வருத்தக்கூடும். புனித வாரத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை மாற்கு எழுதிய இயேசுவின் பாடுகளை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளலாம்: 14:1–11, 14:12–31, 14:32–52, 14:53–15:20, 15:21–47. வியாழன் பகுதிதான் நீளம், அன்று மட்டும் காலையில் பாதி, மாலையில் பாதி.